பக்கத்து சீட்டில் யாரும் இல்லை

ஆபீஸ் டூர் என்றால் பட்டாபி சார் தலை எண்ண மாட்டார். "பக்கத்து சீட்ல இருக்கறவா வந்தாச்சான்னு அவாவா பாத்துக்கோங்கோ" என்பார். எல்லாரும் பக்கத்தில் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். பஸ் கிளம்பும்.

என் பக்கத்து சீட்டு காலி. மறைமலைநகரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சேர்ந்த வாரமே, கூட வேலை பார்க்கும் கோதை எந்த ஊர் என்று கேட்டாள். படாளம் என்றேன். படாளத்தில் எந்தப் பக்கம் என்றாள். காலனி என்றேன். அதற்கப்புறம் என் டிபன் பாக்ஸ் பக்கம் ஒரு கையும் நீளவில்லை. மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. சண்டை போடவும் வழியில்லை. ஊரப்பாக்கத்து வாடகை அறையில் சோறு இறங்காது, தூக்கம் வராது. ரத்தம் கம்மி என்று டாக்டர் மாத்திரை எழுதினார்.

2002இல் டூர் மாமல்லபுரத்துக்கு. சாயங்காலம் திரும்பக் கிளம்பும் நேரத்தில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன். பஸ் மெயின் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடினால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. எவ்வளவு தூரம் போனபிறகு என்னைத் தேடுவார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. சுண்டல்காரன் தூக்கைக் கழுவிக்கொண்டு கிளம்பும்வரை நின்றேன். பஸ் திரும்பி வரவில்லை.

செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினேன். ஹோட்டல்களில் கூட்டித் துடைத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள், இரண்டு பேர் சீட்டில் மூன்று பேராக நெருக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லம்மாள் என்று மற்றவர்கள் கூப்பிட்டவள் எனக்காக நகர்ந்தாள். எந்த ஊர் என்று அவளும் கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. படாளம் காலனி என்று கத்தியே சொன்னேன்.

"அதுக்கு இன்னாத்துக்கு இப்பிடிக் கத்தற? குந்து."

மருமகளைப் பற்றிய புகாரை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தினார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லாமல் இறங்கிக் குழாயடியில் முகம் கழுவினேன். விசில் கேட்டது. போனால் போகட்டும் என்று நின்றேன்.

"ஊதாதய்யா. எங்க கூட வந்த பொண்ணு கீழ கீது."

எல்லம்மாள் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் ஊன்றி நின்றிருந்தாள். கண்டக்டர் என்னவோ முணுமுணுத்தார். அவள் அசையவில்லை.

"சொல்ட்டு எறங்க மாட்டியா? படிச்ச மூஞ்சி வேற."

இரண்டு வருஷமாக என்னை யாரும் திட்டியிருக்கவில்லை. அவள் இடுப்பை ஒட்டி உட்கார்ந்தேன். அவள் புடவையில் பினாயில் வாடை அடித்தது. கண் சொருகியது.

கண்டக்டர் கம்பியைத் தட்டி எழுப்பினார். பஸ் காலியாக இருந்தது.

"செங்கல்பட்டு வந்தா எழுப்பி உடச் சொல்லிச்சு அந்தம்மா."

அவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். ரயிலைப் பிடிக்க நடந்தேன்.