சோப்பு விழுந்த ஆட்டம்

ஆட்டத்தின் நாற்பதாவது நிமிடத்தில் உள்ளூர் ரசிகர்கள் பக்கமிருந்து முதல் சோப்பு மைதானத்தில் விழுந்தது. பிறகு சோப்பு மழைதான். எதிரணி, யூதர்கள் தொடங்கிய சங்கம். நாஜி முகாம்களில் யூதர்களைச் சோப்பாகக் காய்ச்சினார்கள் என்ற பேச்சைக் கேட்காதவர் புவனஸ் ஐரிஸில் இல்லை. ஒரு கட்டி அவர்களுடைய கோல்கீப்பரின் புருவத்தைக் கிழித்தது. தையல் போட்டவர் உள்ளூர் அணியின் டாக்டர் எஸ்தெலா பென்சகேன். அவரும் யூதர்.

திங்கட்கிழமை உள்ளூர் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. மன்னிப்பு என்ற ஒரு சொல்லையாவது வாங்கிவிட வேண்டுமென்று எஸ்தெலா வந்திருந்தார். பதினெட்டு வருடம் இவர்களுடைய ஆட்டக்காரர்களின் முட்டிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அந்த உரிமை உண்டென்று நினைத்தார்.

"கால்பந்துன்னா கேலி இருக்கத்தான் செய்யும், ருசா," என்றார் தலைவர் ஒஸ்வால்தோ, மாட்டே தேநீரை உறிஞ்சியபடி. ருசா என்றால் ரஷ்யாக்காரி. யூதர் எவரானாலும் அந்த ஊரில் ரஷ்யர்தான். எஸ்தெலாவின் தாத்தா மொராக்கோவிலிருந்து வந்தவர். "மத்த டீம் ரசிகனுங்க நம்மள பொலிவியாக்காரன்னு கேலியாப் பாடுறானுங்க. நான் அழுதேனா?"

"நீங்க பொலிவியாக்காரர் இல்லையே."

"இல்லதான். அப்பவும் அழல பாருங்க!"

பொருளாளர் மிர்த்தா பிஸ்கட்டை நகர்த்தினார். "கல்லையா எறிஞ்சாங்க டாக்டர்? வாசனை சோப்பு. இன்னிக்கு விக்கிற விலையில அத எறியறவன் பகையாளியா?"

"டிவில யூதருங்க நடத்துற அந்தப் போரப் பாத்துப் பசங்களுக்கு ரத்தம் கொதிக்குது," என்றார் ஒஸ்வால்தோ. "அதையும் யோசிக்கணும்ல?"

"அடிபட்ட பையன் பராகுவேக்காரன். கழுத்துல சிலுவை போட்டிருக்கான். அவன் எந்தப் போர்ல இருந்தான்?"

ஒஸ்வால்தோவின் முகம் மலர்ந்தது. "அப்போ யூதர் மேல படவே இல்ல! நீங்களே சொல்லிட்டீங்க. மிர்த்தா, எழுதிக்கோ."

மிர்த்தா அறிக்கையை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். எங்கள் மைதானத்தில் வெறுப்புக்கு இடமில்லை. ரசிகர்களின் குறும்பு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. மன்னிப்பு எங்கேயும் இல்லை. கீழே கையெழுத்துக்கு ஒரே ஒரு பெயர்: எஸ்தெலா பென்சகேன்.

"நீங்க போட்டாத்தான் எடுபடும்," என்றார் ஒஸ்வால்தோ. " லீக் மைதானத்தைப் பூட்டிட்டா பசங்க எங்க போவானுங்க? நீங்க நம்ம வீட்டுப் பொண்ணும்மா."

"போடலேன்னா?"

"ஐயையோ, வற்புறுத்துவோமா? வேற டாக்டரப் பாத்துக்குவோம், அவ்வளவுதான்."

எஸ்தெலா பேனாவை எடுத்தார். அறையில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

"போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. கேலின்னு சொல்றீங்க, எனக்குத்தான் சிரிப்பு வரல. தக்காளி இருக்கு, முட்டை இருக்கு. ஏன் சோப்பு? யாராவது ஒருத்தர், வாய்விட்டு, எனக்கு விளக்கிச் சொல்லுங்களேன்."