கண்ணாடி ஃபேக்டரிக்குக் கட்டை கொடுக்க மறந்த நாள்

ரெண்டரை மைல் லைனில் ஓடும் கரண்டு ரயிலின் டிரைவர் பொன்னுரங்கம், தினமும் வேலை முடிந்ததும் உருளாமல் இருக்கக் கட்டை கொடுப்பார். முதலில் வேகனுக்கு, அப்புறம் கண்ணாடி ஃபேக்டரிக்கு. நேற்று மகள் கல்யாண யோசனையில் ஃபேக்டரியை மறந்துவிட்டார். மனுஷன்தானே!

இன்று மணல் வேகனோடு போனால் கேட் மட்டும் இருந்தது. வாட்ச்மேன் அதைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஃபேக்டரி எங்கப்பா?”

“நேத்து சாயங்காலமே உருண்டுடுச்சுண்ணா. கேட்டை நான் வுடலை.”

இன்று ஐந்து மணிக்குள் மணல் இறங்காவிட்டால் லைனையே மூடுவதாக ஆபீஸ் எழுதியிருந்தது. மூட வந்த அதிகாரி இஞ்சினிலேயே ஏறி உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வரை தேடினார்கள். ஃபேக்டரி மூன்று தெரு தள்ளி, மீன் மார்க்கெட் பக்கத்தில் நின்றிருந்தது. அங்கே தண்டவாளமும் இல்லை, மேலே கரண்டுக் கம்பியும் இல்லை.

தண்டவாளம் பிரச்சினையில்லை. இஞ்சினுக்கு எண்பது வயசு. கீழே பார்ப்பதை விட்டு வெகுநாளாயிற்று. கம்பி முடிந்த இடத்தில்தான் நின்றுவிட்டது.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சகாயமேரி எட்டிப் பார்த்தாள்.

“இன்னாண்ணா, நின்னுடுச்சா?”

“கம்பி இல்லைம்மா.”

“அதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிறே?”

கொடிக்கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்து எதிர்வீட்டுக்கு வீசினாள். எதிர்வீட்டுக்காரி தன் கொடியை அதில் முடிந்து அடுத்த வீட்டுக்கு வீசினாள். இஞ்சின் தலையில் கரண்டு எடுக்கும் கொம்பு ஈரப் பாவாடை ஒன்றைத் தொட்டது. வண்டி நகர்ந்தது.

“கயித்துல கரண்டு வருமா?” என்றார் அதிகாரி.

“துணி காயற வரைக்கும் வரும் சார்” என்றாள் சகாயமேரி மேலிருந்து.

அன்றைக்கென்று வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாம் தெருவில் வேட்டிகள் காய்ந்து இஞ்சின் முனகியது. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்க மணல் இறங்கியது.

அதிகாரி தன் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். “ரெண்டரை மைல் லைனை மூடத்தான் எனக்கு ஆர்டர். இது மூணு மைல். இது வேற லைன்” என்று இறங்கிப் போய்விட்டார்.

சகாயமேரி மூச்சு வாங்க ஓடி வந்தாள். “நாளைக்கும் இந்தப் பக்கம்தானே வருவே? சொல்லிடுண்ணா. போர்வைங்கள ஊறப் போடணும்.”

பொன்னுரங்கம் வேகனுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, மறக்காமல் ஃபேக்டரிக்கும் கொடுத்தார்.

“போடும்மா” என்றார். “எல்லாத்தையும் ஊறப் போடு.”