கை நனைக்கும் வரை

தேவகியைப் பெண் பார்க்க மானாம்பதியிலிருந்து வந்தவர்கள் பஜ்ஜியும் கேசரியும் தின்று, காப்பியும் குடித்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வானம் பொத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்திலேயே ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் பாய்ந்து ரோட்டை மூடிவிட்டதாகப் பால்காரர் கத்திக்கொண்டு போனார். அவர்களைக் கூட்டி வந்த வேன் புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றது. புறப்பட்டவர்கள் மறுபடி வந்து பாயில் உட்கார்ந்தார்கள்.

சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிடலாம், சோறு சாப்பிடக்கூடாது. சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். பிறகு எந்தப் பக்கத்துக்காரரும் பின்வாங்க முடியாது. வெளியே மழை, உள்ளே பசி. நடுவில், சமையலறையில், அம்மா சுலோச்சனா ஒரு நம்பிக்கையில் வடித்து மூடிவைத்திருந்த ஒரு பானைச் சோறு.

அந்தப் பானையின் மூடி தேவகியின் கையில் இருந்தது. காலையில் அப்பா தாண்டவராயன் அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

"பையன் உன்ன வேலூருக்கு வேலைக்கு அனுப்பறேன்னா சரி. இல்ல, உனுக்குப் புடிக்கலயா, சபையில வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். நீ சோத்துப் பானையத் தொறக்காம இரு, அது போதும். நான் காப்பியோட அனுப்பிடறேன். நீ சோறு எடுத்தாத்தான் நான் தாம்பூலத் தட்ட எடுப்பேன்."

ஊரில் எந்தப் பெண்ணுக்கும் எந்த அப்பாவும் கொடுக்காத வாக்கு அது. வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். விடுதியில் தனி அறை உண்டு என்றார்கள். அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்பதுவரை அவள் யோசித்து வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை கார்த்திக், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சிரித்த முகம். அவனுடைய அக்கா மகள் நதியா, பால்பல் விழுந்த வாயோடு, தன் பையிலிருந்து ஒரு சீடியை எடுத்து நீட்டினாள். கூடத்து டீவியில் தமிழ் பேசும் கார்ட்டூன் படம் ஓட ஆரம்பித்தது.

படத்தில் ஒரு குடும்பம். அப்பா ஒற்றைக் கையால் பஸ்ஸைத் தூக்குவார். பெரிய பையனின் விரலில் மின்னல் வரும், சின்னவன் நிழலாக மாறிவிடுவான். அம்மாவுக்குப் பறக்கத் தெரியும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய சிவப்பு அங்கி பீரோவில் கிடந்தது. அப்பா மட்டும் தினம் போய் ஊரைக் காப்பாற்றிவிட்டு வருவார். கடைசியில் பாலம் உடைந்து மூவரும் ஆற்றில் மாட்டிக்கொள்ள, அம்மா அங்கியை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுகிறாள். சரியாக அந்த இடத்தில் கரண்டு போனது.

"ஐயோ! மாமா, அப்பறம் இன்னா ஆவும்?" என்று நதியா காலை உதைத்தாள்.

"நீ பத்து தபா பாத்த படம்தானே?"

"நீ சொல்லு!"

"பறந்து போயி மூணு பேரயும் தூக்கிகினு வந்துடுவா. ஊரே கை தட்டும். வூட்டுக்கு வந்து நாலு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுவாங்க. குடும்பம்தான் பெரிய பலம். சுபம்."

கதவோரம் நின்றிருந்த தேவகிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. போன மாசம்தான் கேபிளில் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். "அந்த அங்கி இன்னா ஆச்சு?"

கார்த்திக் திரும்பிப் பார்த்தான். அவன் காதில் அவள் குரல் விழுந்தது அதுதான் முதல் தடவை. "அது திரும்ப பீரோவுக்குப் போயிடும்."

"அப்ப அவ கத எப்ப ஆரம்பிச்சிச்சு, சுபம் போடறதுக்கு?"

கார்த்திக்கின் மாமா முத்துவேல் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "மாட்னடா கார்த்தி!"

"இல்லிங்க, யாரும் அவளக் கட்டிப் போடல," என்றான் கார்த்திக். "அந்தாளு ஒரு தபாகூட பறக்காதன்னு சொல்லல. அவளாத்தான் கயட்டி வெச்சா."

"பறன்னும் சொல்லலயே."

"அவ கேட்டிருக்கலாமில்ல?"

"அவரு பஸ்ஸத் தூக்கறதுக்கு யாரக் கேட்டாரு?"

கார்த்திக் வாய்விட்டுச் சிரித்தான். பொய்ச் சிரிப்பு இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்து தேவகிக்குக்கூட ஒரு நொடி மனசு இளகியது. அவன் அம்மா கங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அவ பாட்டுக்குப் பறந்துகினு கெடந்தா அந்தப் பசங்களுக்கு யாரு சோறு போடறது?"

"ஓட்டல்ல பார்சல் வாங்கிகினு பறந்து வரட்டுமே, அக்கா," என்றார் முத்துவேல்.

"உனுக்கு எல்லாம் தமாசு."

தேவகி கார்த்திக்கை மட்டும் பார்த்துக் கேட்டாள். "படத்த வுடுங்க. திங்கக்கெயம நான் வேலூர்ல வேலக்கிச் சேரணும். தெரியுமில்ல?"

அப்பா உத்தரத்தைப் பார்த்தார்.

"தெரியும்," என்றான் கார்த்திக். குரலில் நயம் இருந்தது. "நான் வேணான்னு சொல்லமாட்டேன். கொஞ்ச நாளு போவட்டும். அம்மாவுக்கு ஒடம்பு முடியல. நாளைக்கி ஏதோ கஷ்டம், ஒரு சம்பளம் பத்தலன்னா, தாராளமா நீங்க வேலைக்குப் போலாம். படிப்பு எங்க போயிடும்?"

"பாலம் ஒடஞ்சா மட்டும், அப்பிடித்தானே?"

அவன் சீடி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தேவகிக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அவள் உள்ளே போனாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டியது தெரிந்தது. புரிந்துகொண்டார். சாயங்காலம் டிராக்டர் வந்து இவர்களை அக்கரை சேர்த்துவிடும் என்று தகவல் வந்திருந்தது. அதுவரை மூடியைத் தொடாமல் இருந்தால் போதும்.

சமையலறை இருட்டாக இருந்தது. கூரையில் மழை விழுவதைத் தவிர வேறு சத்தம் இல்லை. நான்கு பக்கமும் தண்ணீர் நின்ற வீட்டில், வேலூர் ஒரு விரற்கடை அருகில் வந்துவிட்டது போல அவளுக்கு இருந்தது. புடவையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். நதியா. வயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பசிக்குது."

"கேசரி தரட்டா கண்ணு?"

"வாணாம். வாந்தி வருது. சோறு." கண்ணில் தண்ணீர் நின்றது. "ஆயா கேக்கக்கூடாதுன்னுச்சு," என்று கூடத்தில் இருந்த பாட்டி பக்கம் பார்த்தாள்.

கை நனைப்பதெல்லாம் பெரியவர்களின் சட்டம், பால்பல் விழுந்த பிள்ளைக்கு என்ன சட்டம் என்றுதான் தேவகி நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூட அதிகம். மூடியைத் தள்ளி, ஒரு கரண்டி சோற்றைத் தட்டில் போட்டு, ரசத்தை ஊற்றிப் பிசைந்து, ஊதி ஊதி ஊட்டினாள். பிள்ளை தட்டையே விழுங்கிவிடுவது போலத் தின்றது.

புகையிலையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டு வந்த முத்துவேல் வாசற்படியிலேயே நின்றார். பிறகு ஓவென்று கூவினார்.

"அக்கா! ஓ அக்கா! பொண்ணு சோறு போட்டுட்ச்சி! தானா எடுத்து, பிசஞ்சு, ஊட்டிகினு கீது! நம்ம வூட்டுப் புள்ள கை நனச்சிட்ச்சி! இனிமே இன்னா பேச்சு?"

"புள்ளைக்குப் பசின்னு..." என்று தேவகி சொன்னாள். அது கூரைச் சத்தத்தில் போனது. அப்பா சமையலறை வாசலுக்கு வந்து திறந்த பானையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு முகம் முழுக்க ஒரு நிம்மதி பரவியது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நிம்மதியை அந்த முகத்தில் அவள் பார்த்ததில்லை. "மனசு மாறிட்சா, தாயி?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் தாம்பூலத் தட்டை எடுக்கப் போனார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட மனுஷனின் நடை.

கங்கம்மாள் உள்ளே வந்து தேவகியின் கன்னத்தை வழித்தாள். "வாய் கொஞ்சம் நீளம். ஆனா கை ஈரமுள்ள கை. நதியா, அக்கான்னு கூப்புடாத. அத்தைன்னு கூப்புடு."

"அத்தை, இன்னும் ரசம்," என்றாள் நதியா.

கூடத்தில் இலை போடும் சத்தம் கேட்டது. அரிக்கேன் விளக்கை எடுக்கிற சாக்கில் கார்த்திக் வந்து பக்கத்தில் நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாப்பாவுக்காகத்தான் போட்டிங்க. எனக்குத் தெரியும்."

தேவகி நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் இதைத் தெரிந்த இன்னொரு ஆள். அவன் போய் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தட்டு கீழே இறங்கிவிடும். அவன் சொன்னால் நம்புவார்கள்.

"அப்ப போய்ச் சொல்லுங்க," என்றாள்.

அவன் கூடத்தைப் பார்த்தான். முத்துவேல் அப்பாவின் தோளில் கை போட்டு, "சம்பந்தி, சம்பந்தி" என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். சுலோச்சனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எவ்ளோ சந்தோஷமா கீறாங்க பாருங்க," என்றான் கார்த்திக். "அப்பறமா பேசிக்கலாம்."

விளக்கை எடுத்துக்கொண்டு போய் இலைமுன் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தான். அம்மா வந்து சாம்பார் வாளியை தேவகியின் கையில் கொடுத்து, "மாப்பிள்ளைக்கு மொதல்ல ஊத்து," என்றாள். அவன் சோற்றைக் குழித்தான், அவள் ஊற்றினாள். அவன் சாம்பாரை வழியவிடாமல் அணைத்துப் பிசைந்தான். அவனுக்கு நல்ல பசி.