ஆளுக்கு இரண்டு கூடை

காலையில் குழாயடியிலேயே கோதாவரி மௌசி தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

“உஜ்வலா, இனிமே உன் வெள்ளைக்காரங்க நம்ம சந்துக்குள்ள கால் வைக்கக் கூடாது.”

“போட்டோகூட எடுக்க விடறதில்லையே மௌசி.”

“போட்டோ எடுக்கல. நேத்து ஒருத்தன் என் அப்பளத்துக்கு முன்னாடி நின்னு மூக்க மூடினான். திங்கற பண்டம்டி அது! பாத்தவன் எவன் வாங்குவான்?”

தாராவியை நடந்து சுற்றிக் காட்டும் எங்கள் கம்பெனியில் ஆளுக்கு ஒரு பகுதி. பானைக்காரர் தெரு ஹேமந்துக்கு, தோல் பட்டறைகள் இர்ஃபானுக்கு. எனக்கு அப்பளச் சந்து. அங்கே வளர்ந்தவள் என்பதற்காகவே என்னை எடுத்தார்கள். சந்து மூடினால் வேலை போய்விடும். ஆனால் சொந்தச் சித்திபோலத் தூக்கி வளர்த்த மௌசியே கதவைச் சாத்தியதுதான் அதைவிட வலித்தது.

பத்து மணிக்கு ஐந்து சுற்றுலாப் பயணிகளுடன் சந்து முனையில் நின்றேன். உள்ளே கவிழ்த்து வைத்த மூங்கில் கூடைகளின் முதுகில், பகலில் வழிதவறி வந்த நிலாக்கள்போல அப்பளங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

“உள்ளே போகலையா?” என்றார் ஹாலந்துக்காரர் யோஸ்ட். எங்கள் வாசல் எதிலும் குனியாமல் நுழைய முடியாத உயரம் அவர்.

“இன்னைக்கு அவங்களுக்கு வேலை அதிகம்” என்று புளுகினேன். வாசலில் உட்கார்ந்திருந்த மௌசி என்னைப் பார்க்காததுபோல் அப்பளம் தேய்த்தாள்.

அக்டோபர் வானத்தை நம்பக் கூடாது. என் புறங்கையில் ஒரு துளி விழுந்தது.

“மழை!” என்று யாரோ கத்தினார்கள்.

எங்கள் சந்தில் அந்தக் குரல் கேட்டால், அங்கே நிற்பவர் யாராக இருந்தாலும் ஆளுக்கு இரண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வாசலுக்குள் ஓட வேண்டும். யார் கூடை, யார் வீடு என்ற கேள்வியே கிடையாது. விளிம்பில் கட்டிய துணியின் நிறம் பார்த்துப் பிறகு பிரித்துக்கொள்வோம். தபால்காரர் ஓடியிருக்கிறார். மாலையும் கழுத்துமாக ஒரு மணப்பெண்கூட ஓடியிருக்கிறாள்.

நானும் ஓடினேன். இரண்டு கூடைகளோடு திரும்பினால், ஐந்து பேரும் முனையிலேயே நனைந்துகொண்டு நின்றார்கள்.

“நிக்காதீங்க! ஆளுக்கு ரெண்டு!”

தடை எனக்கு நினைவு வருவதற்குள் அவர்கள் உள்ளே பாய்ந்துவிட்டார்கள். யோஸ்ட் கையில் நான்கு கூடைகள். அவர் நுழைந்தது மௌசியின் வீட்டுக்குள். தலை வாசல்நிலையில் ‘டங்’ என்று மோதியது. அதையும் பொருட்படுத்தாமல் கூடைகளை ஒழுங்காக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தார்.

“அடப்பாவி, அடுக்கிட்டானே!” மௌசி அலறினாள். “ஈர அப்பளம்டா! நசுங்கிப் போச்சு!”

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் யோஸ்டின் முகம் வெளுத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். மௌசி நசுங்கியவற்றை உரித்தெடுத்து அடுப்பில் வாட்டத் தொடங்கினாள். மிளகும் பெருங்காயமும் கலந்த புகை எழுந்தது. ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

யோஸ்டின் கை மூக்குக்குப் போனது.

வாசலில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வேலை அந்த இரண்டு விரல்களில் தொங்கியது.

கூரைத் தகரம் அதிரத் தும்மினார். மறுபடி, மறுபடி, ஐந்து தடவை. கண்ணில் நீர் வழிய அப்பளத்தைக் கடித்துவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

“தும்மறதுக்குன்னா மூடிக்கட்டும்” என்றாள் மௌசி. சந்தே சிரித்தது. “நெட்டையன் நாலு கூடை தூக்கினான் பாத்தியா? நம்ம ஆம்பளைங்க ரெண்டுக்கே மூச்சு வாங்கறானுங்க.”

மழை விட்டது. கூடைகளைத் திரும்பப் பரப்பினோம். பச்சைத் துணி யாருடையது என்று யோஸ்ட் வீடு வீடாகக் கேட்டு அலைந்தார்.

புறப்படும்போது, “மௌசி, நாளைக்கு...” என்று இழுத்தேன்.

அவள் வானத்தைப் பார்த்தாள். “எத்தனை பேரு?”

“ஆறு.”

“மேகம் மூடியிருந்தா பத்தாக் கொண்டு வா. அடுக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லித் தொலை.”