பழுப்பேறக் கூடாத கண்ணாடி

நுரையீரலைத் தழும்பாக இறுக வைக்கும் செல்களின் மேற்பரப்பில் ஒரு புரதம் உண்டு. சில புற்றுக்கட்டிகளின் மேலும் அதே புரதம்தான். அதைப் பிடித்து அடக்கும் மருந்தை ஹைதராபாத் ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகளாக உருவாக்கிவந்தாள் ஹைமவதி. செல்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயமேற்றிக் கழுவினால், மருந்து ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும்.

மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்கும் கோப்பில் ஒரே ஒரு படம் குறைந்தது. அந்தப் புரதத்தையே நீக்கிய செல்களில் மருந்தைப் போட்டால் நிறம் வரக்கூடாது. முதல் வருடமே செய்திருக்க வேண்டிய சோதனை. ஆரம்பப் படங்கள் அத்தனை அழகாக வந்ததால், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவள் அவள்தான்.

இப்போது செய்தாள். கண்ணாடி முழுக்கப் பழுப்பு. மூன்று முறை செய்தும் பழுப்பு. மருந்து இத்தனை நாளும் வேறெதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

"சரியாக் கழுவியிருக்க மாட்டே," என்றார் தலைவர் பிரபாகர் ராவ். "திங்கக்கிழமை கோப்பு போகட்டும்மா. அப்புறம் பாக்கலாம்."

"அந்த 'அப்புறம்'தான் சார் நம்மளக் கெடுத்துச்சு."

"என் பேரையும் சேர்த்துக் கெடுக்காதே."

கீழே யாதகிரி காத்திருந்தார். கல் குவாரியில் முப்பது வருடம் தூசி தின்றவர். சோதனைக்குத் தன் நுரையீரலிலிருந்து ஒரு துண்டு கொடுத்திருந்தார். மருந்து கிடைக்கப் போகிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

"வா பிட்டா," என்றார். மகளை அழைப்பதுபோல அப்படித்தான் அழைப்பார். ஆக்சிஜன் உருளையைத் தட்டினார். "என் சின்ன வீடு. பெரியவகூட இப்படி ஒட்டிக்கிட்டதில்ல. மருந்து எப்போ?"

அவள் நரசிம்ம சாமியை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், தவறு தன்னுடையது என்பது உட்பட.

யாதகிரி மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"நான் கொடுத்த துண்டு மிச்சமிருக்கா?"

"இருக்கு."

"அதை வச்சு ஒழுங்கா மறுபடி பாரு. என் காலத்துக்குள்ள ஆகாது. இன்னும் எத்தனை பேரு அங்க கல்லு உடைக்கிறான்!" பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி நீட்டினார். "குடி. காலைலேருந்து நீ பட்டினின்னு மூஞ்சியே சொல்லுது."

குடித்துவிட்டு மேலே போய், கோப்பை நிறுத்திவைக்கும் கடிதத்தை எழுதினாள். ராவ் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

சங்கராந்திக்கு முன்பே யாதகிரி இறந்துபோனார். புது மருந்துக்கான வேலை தொடங்கிய முதல் நாள், அவர் கொடுத்த துண்டை எடுப்பதற்கு முன், புரதம் நீக்கிய செல்களைத்தான் ஹைமவதி எடுத்துவைத்தாள்.