ஒரு பாலிசிக்கு மூன்று நாலு மணி

கடை நன்றாக இருக்கும்போது இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிப்பவன், கடையைக் கொளுத்தத் திட்டம் போடுகிறவன் என்றே நான் நம்பியிருந்தேன். என்மேல் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று ஆறு வருஷம் அதைத் தொடவில்லை. கிள்ளானில் எனக்குப் பலகைச் சுவர் வைத்த துணிக்கடை. தீ இன்சூரன்ஸ் ஒரு லண்டன் கம்பெனியில். ஏஜெண்ட் பிரிக்பீல்ட்ஸ் வேலாயுதம் வருஷத்துக்கு ஒருமுறை வருவார், தேநீர் குடிப்பார், புதுக் காகிதம் கொடுப்பார். அது நேராகத் தகரப் பெட்டிக்குள் தூங்கப் போய்விடும்.

ஜப்பான்காரன் வந்து ஒன்பது மாதத்தில் கடையில் மிஞ்சியது கறுப்புக் குடைத்துணி ஒரு சுருள்தான். வாங்க வந்தவர்கள் தொட்டுப் பார்த்தே அதைப் பாதியாகத் தேய்த்துவிட்டார்கள். என் மனைவி முத்து பீவி ஒரு யோசனை சொன்னாள். தேங்காயெண்ணெய் கிடைக்கிறது, சாம்பல் கிடைக்கிறது, ஊரில் குளிக்க, துவைக்கச் சவுக்காரம்தான் இல்லை. கடைக்குள்ளேயே காய்ச்சி விற்கலாம்.

"பலகைக் கடை பீவி. பத்திக்கிச்சுன்னா இருக்கிற இந்த ஒண்ணும் போயிடும். அப்புறம் நமக்கு என்ன இருக்கு?"

"அதுக்குத்தானே இன்சூரன்ஸ் வச்சிருக்கீங்க?"

"வச்சிருக்கேன்."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெட்டியைத் திறந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். இது துணிக்கடை, உள்ளே அடுப்பு கூடாது, தொழில் மாறினால் ஏஜெண்டிடம் சொல்லி எழுதி வாங்க வேண்டும். கடைசி வரியில், 1942 அக்டோபர் 3, மாலை நாலு மணியோடு முடிகிறது என்று இருந்தது. அன்றைக்குத் தேதி இரண்டு, வெள்ளிக்கிழமை. ஆனால் சுவரில் தொங்கிய ஜப்பான் நாள்காட்டியில் வருஷம் 2602. அதன்படி என் பாலிசி முடிந்து அறுநூற்று அறுபது வருஷம் ஆகியிருந்தது.

"முதல் சட்டி காய்ச்சறதுதான் ஆபத்து. அதை இந்தக் காகிதம் உயிரோட இருக்கும்போதே முடிச்சிடணும்" என்றாள் பீவி. "போய் எழுதி வாங்கிட்டு வாங்க."

சைக்கிளுக்கு டயர் கிடைக்காத காலம். கயிறு சுற்றிய சக்கரத்தில் இருபது மைல் மிதித்தேன். பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது என் பற்கள் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்திருந்தன.

வேலாயுதம் இன்சூரன்ஸ் பலகைக்குக் கீழே அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கண் கலங்கியது.

"தொழில் மாறினதும் வந்து சொல்றீங்களே அண்ணே! என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தரைப் பாத்ததில்லே." சந்தோஷத்தில் பாலிசி ஓரத்தில் 'சவுக்காரம் காய்ச்ச அனுமதி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். மை காய ஊதினார்.

"கம்பெனி துரைங்க எங்கே தம்பி?"

"எல்லாம் கப்பல் ஏறிட்டாங்க."

"அப்ப நாளைக்கு கடை பத்திக்கிச்சுன்னா நான் யாரைப் போய்ப் பாக்கறது? இந்த ஊர்ல இருக்கறது உங்க கையெழுத்து ஒண்ணுதானே?"

சத்தியமாக ஒரு சந்தேகம்தான் கேட்டேன். அவர் ஊதுவதை நிறுத்தினார். காகிதத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். அதற்குள் அது என் மடிக்குப் போயிருந்தது.

மறுநாள் காலை ரயிலில் அவரே கிள்ளானுக்கு வந்துவிட்டார், தோளில் ஒரு கோணிச் சாக்கோடு. சாக்கை நனைத்து மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பீவி கிண்டிக்கொண்டிருந்தாள். கடிகாரம் நாலு அடித்ததும் எழுந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"நாலு ஆச்சு தங்கச்சி. பாலிசி முடிஞ்சுபோச்சு."

"இது ஜப்பான்காரன் மாத்தி வச்ச தோக்கியோ நாலு. பாலிசி எழுதினப்ப நம்ம ஊர்ல பழைய மணி. அந்த நாலு வர இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடக்கு."

அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது, அப்படியே சொன்னேன். முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

ஐந்தரை ஆனதும் சாக்கைத் தோளில் போட்டு, எனக்கு ஒரு கும்பிடு வைத்து, தெருவில் இறங்கினார். அப்போதுதான் சட்டி பொங்கியது. தீ மேல் தட்டுவரை ஏறி, சரக்கு ஏதும் இல்லையென்று பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, குடைத்துணிச் சுருளைப் பிடித்தது. நான் வாளியைத் தூக்கினேன்.

"தண்ணி ஊத்தாதீங்க அண்ணே! எண்ணெய்த் தீ, இன்னும் பரவும்! ஈரச் சாக்கைப் போட்டு மூடணும்!" தெருவிலிருந்து கத்தினார் வேலாயுதம். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. "மணி அஞ்சு முப்பத்தொண்ணு. இனிமே எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லே!"

ஊரில் இருந்த ஒரே ஈரச் சாக்கு அவர் தோளில். பலகைச் சுவர் கறுக்கத் தொடங்கியது. நான் வாளியைக் கீழே வைத்தேன். பீவி கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"கம்பெனி எந்த ஊருண்ணே?"

"லண்டன்."

"லண்டன்ல இப்ப நாலு ஆயிடுச்சா?"

அவர் உதடுகள் அசைந்தன. விரல்கள் மடங்கின. "அங்க... இப்பத்தான் காலைப் பசியாறிக்கிட்டு இருப்பாங்க" என்று தானே சொன்னார். சொன்ன வாயை மூடாமலேயே உள்ளே பாய்ந்தார். சட்டியைச் சாக்கால் மூடினார், எரிகிற சுருளைத் தெருவுக்கு உதைத்துத் தள்ளினார், சுவரை இரண்டு கையாலும் அடித்து அணைத்தார். கடை பிழைத்தது. போனது குடைத்துணியும் அவர் மீசையில் இடப் பக்கமும்தான்.

மூச்சு வாங்கி முடிந்ததும் கேட்டார்: "லண்டன்ல நாலு அடிக்கும்போது இங்க மணி என்னண்ணே? பழைய மணியில பாக்கணுமா, புது மணியிலயா?"

எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பீவி அடுத்த சட்டிக்கு எண்ணெய் ஊற்றினாள். வேலாயுதம் சாக்கை மறுபடி நனைத்து எடுத்து வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். அதற்குள் பதினாறு சட்டி இறக்கிவிட்டோம்.