பக்தபூரில் கழற்றிய சப்பாத்து

1991ஆம் ஆண்டு, லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில் தில்லையம்பலத்தின் முன்னறைச் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்புத் தொங்கியது. ஊர்க்காரர் சேர்ந்து அடுத்த வருடம் போகவிருந்த நேபாள யாத்திரைக்கு யார் தலைமை தாங்குவது என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். லண்டனுக்கு வந்த நாள்முதல் தில்லையம்பலத்தை ஒருவரும் எதற்கும் தலைவராகக் கேட்டதில்லை. ஆகவே தான் முன்பு நேபாளம் போய்வந்த படங்களைக் காட்ட, வடையும் சுட்டு, ஸ்லைட் மெஷினும் இரவல் வாங்கியிருந்தார்.

"இது பக்தபூர். நேவார் ஆக்களின்ர பழைய பட்டினம். ஒரு ஒழுங்கை விடேல்லை, எல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு!"

செங்கல் ஒழுங்கைகள், மரச் சாளரங்கள், மூலைக்கொரு பிள்ளையார். எல்லாப் படத்திலும் தில்லையம்பலம் வெறுங்காலோடு நின்றார்.

"மார்கழிக் குளிரிலயும் வெறுங்கால்! என்ன பக்தி!" படம் பார்க்க வந்திருந்த பாலாம்பிகை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தில்லையம்பலம் அடக்கமாக இருமினார். நடந்தது வேறு. ஒரு முற்றத்துக் கோயில் வாசலில் அவரும் மனைவி அருமைநாயகியும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். கும்பிட்டுவிட்டு எதிர்வாசலால் வெளியே வந்தால் அங்கே இன்னொரு முற்றம், இன்னொரு கோயில். பிறகு அன்று முழுக்க ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடியது சப்பாத்தைத்தான்.

"ஏன் அண்ணை எல்லாத்திலயும் கீழ பாக்கிறியள்?" பாலாம்பிகையின் கணவர் ஆனந்தராஜா கேட்டார்.

"பணிவு."

அடுத்த படம் விழுந்தது.

"நில்லுங்கோ! அந்தச் சிங்கத்தின்ர காலடியில ரண்டு சோடி சப்பாத்தெல்லே?" ஆனந்தராஜா சுவருக்குக் கிட்டப் போனார்.

கல்சிங்கத்தின் அருகே யாரோ சப்பாத்துகளை அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு முதுகைக் காட்டியபடி தில்லையம்பலம். அடுத்த படத்திலும் அதே சிங்கம், அதே முதுகு.

"ஒரே இடத்தையெல்லோ சுத்தியிருக்கிறியள்!"

அறை சிரிப்பில் அதிர்ந்தது. தலைமை போயிற்று. மெஷினை நிறுத்தப் பதறியவர் அவசரத்தில் பொத்தானை மாற்றி அமுக்கிவிட்டார். சுவரில் அருமைநாயகி வந்தார்: கோயில் படியில் காலை நீட்டிக்கொண்டு, சேலைக்குக் கீழே தொளதொளவென்று சாம்பல் நிற சொக்ஸ்.

"அது ஆற்ர சொக்ஸ் அக்கா?" பாலாம்பிகை கேட்டார்.

"அவற்ரதான்," என்றார் வடைத் தட்டோடு நின்ற அருமைநாயகி. "கால் விறைக்குது எண்டன். கழட்டித் தந்திட்டார். பிறகு ஒரு கிழமை அவருக்குத் தும்மலும் தடிமனும்."

பாலாம்பிகை மெல்லத் தன் கணவர் பக்கம் திரும்பினார். "ஸ்கொட்லாந்தில நான் உங்கட கோட்டைக் கேக்க என்ன சொன்னனீங்கள்? கெதியா நட, சூடு வரும்!"

ஆனந்தராஜா வடையை ஆராய்ந்தார்.

"தில்லையண்ணைதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போகவேணும்," என்றார் பாலாம்பிகை.

"வழி?" என்றார் ஆனந்தராஜா.

"வாயிருக்குத்தானே, கேட்டுப் போவம்," என்றார் மனைவி.

ஆனந்தராஜா சிகரெட் பெட்டியோடு பின்கதவுப் பக்கம் நழுவினார்.

"அங்கால எங்க போறீர்?" தலைவர் தன் முதல் கட்டளையைப் போட்டார். "வந்த வாசலால போம் காணும்! உம்மட சப்பாத்து அங்கதான் கிடக்கு."